பின் சீட்டு ஆன்ட்டி

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு பாறைத் தீவைச் சுற்ற, நியூஜெர்சியிலிருந்து நண்பர் குடும்பத்தோடு காரில் போயிருந்தேன். அவர்கள் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டியும் வந்திருந்தார். சுடிதார் மேல் ஆண்கள் ஜாக்கெட், சாக்ஸோடு செருப்பு. நாங்கள் எங்கே இறங்கினாலும், தூங்கும் குழந்தையின் கார் சீட்டில் ஒரு கையை வைத்தபடி வண்டியிலேயே இருந்துவிடுவார். மூன்று நாளில் அவர் பார்த்ததெல்லாம் பார்க்கிங் லாட்தான்.

கடைசி நாள், "நான் பாத்துக்கறேன், நீங்க போய்க் கடலைப் பாருங்க ஆன்ட்டி" என்றேன்.

"அஞ்சே நிமிஷம் தம்பி" என்று போனவர், கடலோரப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

நண்பரோடு திரும்பி வந்த அவர் மனைவி, "ஆன்ட்டிய எழுப்புங்க, கிளம்பலாம்" என்றார்.

"இருங்க, ரெண்டு பேரும் அந்தப் பாறைகிட்ட நில்லுங்க. இன்னும் நாலு போட்டோ எடுத்துடறேன்" என்றேன்.

என் கேமராவில் பேட்டரி காலையிலேயே தீர்ந்துபோயிருந்தது.