என் தம்பி நீட்டிய மூன்று டம்ளர்கள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். குச்சி மூட்டை சுமந்துதான் கோவில்பட்டியில் சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ் போட்டேன். தம்பியை டாக்டருக்குப் படிக்க வைத்ததும் நான்தான். அவன் ராணுவத்தில் சேர்ந்து, வடக்கே ஒரு ஆஸ்பத்திரியில் தலையில் அடிபட்ட சிப்பாய்களைப் பார்த்தான். வருஷக்கணக்காக அதே வார்டு, அதே ஆராய்ச்சி. இதை நான் சொல்லாத கல்யாண வீடு இந்த வட்டாரத்தில் கிடையாது.

ஆபீசில் என் மூக்குக்கும் ஒரு பேர் உண்டு. குச்சியை மருந்தில் முக்குவதற்கு முன்னால் உருக்கிய மெழுகில் முக்குவோம். மெழுகு அதிகமாகக் காய்ந்தால் ஒரு வாடை வரும். கவனிக்காமல் விட்டால் தீப்பிடிக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஏலே, அடுப்பைத் தணி" என்பேன். ஒரு நாளும் தப்பினதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், கயத்தாறு போய்த் திரும்பும்போது ஸ்கூட்டர் சறுக்கிப் பின்மண்டை ரோட்டில் அடித்தது. எழுந்து சோடா குடித்துவிட்டு, நானே வண்டியை ஓட்டி வீடு வந்தேன். மறுவாரம் காபியில் மணம் இல்லை. தூள் சரியில்லை என்று கடையை மாற்றினேன். பிறகு சாம்பிராணியிலும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. மெழுகு அறை வாசலில் பழையபடி மூக்கை உறிஞ்சி, "சரியா இருக்கு" என்று சொல்லிவந்தேன்.

மூன்று மாதம் கழித்துத் தம்பி லீவில் வந்தான். விழுந்ததைச் சொல்லி, "நம்ம மண்டை கரிசக்காட்டு மண்டைலே, ஒண்ணும் ஆகல்ல" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அடுப்படியிலிருந்து மூன்று டம்ளர் கொண்டுவந்தான்.

"கண்ணை மூடுங்கண்ணே."

ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டினான். முதலாவது காபித்தூள் என்றேன். கைக்கு முதலில் அகப்படுவது அதுதானே. சரி என்றான். அஞ்சறைப் பெட்டி திறந்த சத்தம் கேட்டிருந்ததால், இரண்டாவது சீரகம் என்றேன். அதுவும் சரி. மூன்றாவதைப் பெருங்காயம் என்றேன்.

கண்ணைத் திறந்தால் டம்ளர் காலி.

"எங்க வார்டுலயும் இப்படித்தாண்ணே சொல்லுவாங்க" என்றான். "உண்மையச் சொன்னா பட்டாளத்த விட்டு அனுப்பிருவாங்கன்னு பயம். ஒரு சமையல்காரன் இருந்தான். நடக்கான், பேசுதான்னு நானே வேலைக்கு அனுப்பிட்டேன். மோப்பம் இருக்கான்னு கேக்கல. கேஸ் கசிஞ்சது அவனுக்குத் தெரியல. அவனும் போனான், கூட நின்னவனும் போனான். அன்னையில இருந்துதான் காலி டம்ளரும் வைக்கேன்."

டம்ளர்களை அடுக்கிக்கொண்டே கேட்டான். "மெழுகு ரூம்ல யாரு வாடை பாக்கா?"



மறுநாள் காலையில் மெழுகு அறைக்காரர்களைக் கூப்பிட்டு, "எனக்கு வாடை தெரியாது. விழுந்ததுல இருந்தே தெரியாது" என்றேன். 

அடுப்பைப் பார்க்கிற பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள். "தெரியும் அண்ணாச்சி. ரெண்டு தடவை மெழுகு ரொம்பக் காஞ்சு போச்சு. நீங்க அங்கிட்டுப் போனதும் நாங்கதான் எறக்கி வச்சோம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"உங்ககிட்ட எப்படிச் சொல்ல?"

தம்பி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்காமலே, அந்த அறையின் பொறுப்பை அன்றைக்கே அவளிடம் கொடுத்தேன்.

இப்போது தம்பியின் வார்டில் அடிபட்டவனிடம் மட்டும் கேட்டு முடிப்பதில்லையாம். கூட வேலை பார்க்கிறவர்களையும் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்களாம். அந்த யோசனை என் ஆபீசிலிருந்து போனது. கல்யாண வீடுகளில் அதையும் சொல்கிறேன், என் மூக்கு போன கதையோடு சேர்த்தே.