துரையின் மீனுக்குக் குளிர் மாதம்

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்காவில் எங்கள் காஜா பெராங் முழுக்க ஒரே பேச்சாக இருந்த சமயம். அப்பா தோட்டவேலை பார்த்த பங்களாவின் துரை சீமைக்குக் கப்பலேறினார். நாற்காலி, மேசையெல்லாம் யார் யாருக்கோ போய்விட, அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு வாளி சிவப்பு மீன். அதற்கே மனிதர் தலைகால் புரியாமல் வந்து சேர்ந்தார். வீட்டுக்குப் பின்னால் மண்ணெடுத்த பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அதைச் சுத்தம் செய்து மீனை விட்டார். தவிடு தூவுவது என் வேலை. என்னைக் கண்டாலே அவை கரையோரம் வந்து வாயைப் பிளக்கும். எனக்கு அதில் அப்படி ஒரு கர்வம்!

தீபாவளி போய் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை அப்பா தவிட்டு டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார்.

"குளிர் மாசத்துல மீனுக்குத் தீனி போடக்கூடாதுன்னு துரை சொல்லியிருக்காரு. செரிக்காதாம்."

அம்மா சிரித்தாள். "அவங்க ஊர்ல குளமே உறைஞ்சு போகும். இங்க என்னா குளிரு?"

"நீ போர்வை போத்திக்கிட்டுதானே படுக்கிற? அப்ப இது குளிர் மாசந்தான்லா."

மலாக்காவுக்குக் குளிர் மாதம் வந்தது இப்படித்தான்.

எனக்கு வந்ததே கோபம்! மீன் செத்துப்போகும் என்று அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினேன். "அதுக்கு இல்லாத சோறு எனக்கும் வேணாம்" என்று சொல்லிவிட்டு மதியம்வரை தாக்குப்பிடித்தேன். மதியம் அம்மா நெத்திலி சம்பல் வைத்திருந்தாள். என்ன செய்வது, சாப்பிட்டேன்.

தினமும் எழுந்ததும் குளத்துக்கு ஓடுவேன். எது மல்லாந்து மிதக்கிறதோ என்று தேடுவேன். ஒன்றும் மிதக்கவில்லை. போகப்போக அவற்றுக்கு வயிறு வேறு பெருத்துக்கொண்டு வந்தது. "பாத்தியா? துரை சொன்னா சரியாத்தான் இருக்கும்!" என்று அப்பா மீசையைத் தடவினார். நானும் விடவில்லை. வேலிக்கு அப்பால் இருந்த, தலைமுறைகளாய்த் தமிழ் மறந்து மலாய் பேசும் மலாக்காச் செட்டி வீட்டு அம்மாவிடம், எங்கள் மீன் மழைத்தண்ணீரைக் குடித்தே கொழுக்கிறது என்று மலாயில் அளந்துவிட்டேன்.

அந்த மழையில் இன்னோர் அதிசயமும் நடந்தது. குடித்த கிளாசைக்கூட நகர்த்தி வைக்காத அப்பா, சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு கழுவப் போனார். அதுவும் வாசற்குழாயை விட்டுவிட்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில் குளத்துக்கு. அம்மா ஏனென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததோடு, அவர் தட்டில் மட்டும் சோற்றைக் குவித்துப் போட்டாள். அவர் பாதியை மிச்சம் வைத்து எழுந்து போவார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மிச்சம் வைக்கிறவருக்கு எதுக்கும்மா அவ்ளோ சோறு?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். அப்பா குனிந்த தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தார். அம்மாவுக்கு ஏனோ புரையேறியது.

"பாடுபடுற மனுசன். பசிக்கும்லா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அம்மாவுக்கு என்னைவிட அப்பாவைத்தான் அதிகம் பிடிக்கும் என்று அப்போதே முடிவு செய்து, அன்று தூங்கும்வரை அவளோடு நான் பேசவில்லை.