பூஜையில் வைத்த இரண்டு மட்டைகள்

இட்டுக்கட்டிச் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? போன ஆயுத பூஜைக்கு மறுநாள், திருநகர் மூன்றாவது ஸ்டாப் பக்கம் ஒரு வீட்டில், பட்டப்பகலில் நடந்தது இது. சம்பந்தப்பட்ட ஜெயந்த் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறான்.

நம் ஊர் வெயிலுக்குக் கொஞ்சமும் ஒட்டாத பிழைப்பு அவனுக்கு. அப்பாவின் வேலையால் ஃபின்லாந்தில் வளர்ந்தவன், அங்கேயே ஒரு கிளப்பில் சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடினான். தடுப்பாட்டக்காரன். தடுப்பாட்டக்காரர்கள் ஜோடியாகத்தான் இறங்குவார்கள். இவன் வலப் பக்கம், மிக்கோ இடப் பக்கம். 'இங்கே இருக்கிறேன், என் பக்கம் தள்ளு' என்பதற்கு மிக்கோ மட்டையால் பனித்தரையை இரண்டு தட்டு தட்டுவான்.

டக்... டக்.

ஆகஸ்டில் மிக்கோ தூக்கத்திலேயே செத்துப்போனான். அவன் மட்டையை ஜெயந்திடம் கொடுத்தார்கள். ஜெயந்துக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. எப்போதோ அடிபட்ட வலது காலை இழுத்தபடி, முன்பே ஊர் திரும்பியிருந்த பெற்றோரிடம் வந்து சேர்ந்தான். திரும்ப ஆட வருகிறாயா என்று கிளப் நச்சரித்தது. விஜயதசமியன்று சொல்கிறேன் என்றான். ஆட்டத்துக்கே முழுக்குப் போடுவதாகத்தான் எண்ணம்.

அம்மா ஸ்யாமளாவுக்கு இது எதுவும் தெரியாது. மகனின் தொழில் கருவி என்று இரண்டு மட்டைக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பூஜையில் சாத்திவிட்டார்.

"பூஜையில வச்சத ஒருவாட்டியாச்சும் எடுத்துத் தொழில் பண்ணணும்டா. சும்மா போடக்கூடாது," என்றார் மறுநாள்.

அவர் மனசுக்காகத் தன் மட்டையை மட்டும் எடுத்தான். மிக்கோவுடையதைத் தொடவில்லை. ஒரு டென்னிஸ் பந்தோடு மொட்டை மாடிக்குப் போனான்.

மணி மூன்று. சரியான வெயில். வெறுங்காலுக்குத் தரை கொதித்திருக்க வேண்டும்.

சில்லென்று இருந்தது.

டக்... டக்.

இடப் பக்கம்.

யாரும் இல்லை. ஆனால் பழக்க தோஷம்... கை பந்தை அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. பந்து உருண்டது. பாதி மாடியில் நின்றது.

திரும்பி வந்தது.

பயம் வர வேண்டும். வரவில்லை. மறுபடி தள்ளினான். மறுபடி வந்தது...

"காப்பி ஆறுதுடா," என்று அம்மா கீழேயிருந்து கூப்பிட்டார். தட்டல் நின்றது.

பூஜை அறையில் மிக்கோவின் மட்டை சாத்திய இடத்தில்தான் இருந்தது. அடியில் மட்டும் சந்தனம் அழிந்திருந்தது. கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. தொட்டான். ஐஸ் தண்ணீர்.

சாயங்காலம் கிளப்புக்குப் போன் போட்டு, வரவில்லை என்றான்.

நீ வந்துவிட்டாய் என்றல்லவா நினைத்தோம் என்றார் மேனேஜர்.

மத்தியானம் பனித்தரையை இழைத்துச் சமமாக்கி, அரங்கைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். அங்கே பன்னிரண்டரை. இங்கே மூன்று. திரும்பி வந்து திறந்தால், தரை முழுக்க ஸ்கேட் தடம்.

இரண்டு பேர் ஆடிய தடம்.

அதில் ஒருவன் வலது காலை இழுத்திருக்கிறான்.