பீலி தெரியாத விறாந்தை

பண்டாரவளையில் ஒரு சின்ன வரைபட அலுவலகத்தில் ஆறு வருடம் வேலை செய்தேன். வீடு, கடை, மதில் என்று மற்றவர்கள் முடிவு செய்ததைக் கோடு போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. இரண்டாயிரத்துக்குப் பிறகு, சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த நாட்களில், கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் மலைப்பக்கம் வரத் தொடங்கினார்கள். அப்போதுதான் ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளிலேயே காலத்தைக் கழித்து, மனைவியோடு இங்கேயே தங்கிவிட்டவர். ஸ்பிரிங்வெளிக்குப் போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மேலே காணி வாங்கியிருந்தார். விருந்தினர் தங்க நாலு அறை வைத்து ஒரு விடுதி கட்ட வேண்டும் என்றார்.

நான் அதற்குப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள் என்பதால் முதலாளி வேலையை முழுவதுமாக என்னிடமே கொடுத்தார். முதல் கோட்டிலிருந்து நானே யோசித்த முதல் கட்டடம் அது. இரண்டு தடவை காலையில் போய்க் காணியைப் பார்த்தேன். மேட்டின் விளிம்பில் நின்றால் பள்ளம் முழுவதும் காலடியில் விரிந்து கிடந்தது. அந்த விளிம்பிலேயே நீளமாக ஒரு விறாந்தையும், அதற்குப் பின்னால் வரிசையாக நாலு அறைகளும் வரைந்தேன்.

டொக்டர் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் பார்த்தார். "பள்ளம் முழுக்கத் தெரியும் என்ன பிள்ளை? இதைத்தான் நான் கேட்டனான்" என்றார். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

அடுத்த கிழமை ஆப்பு அடித்துக் கயிறு கட்டப் போனோம். மலையில் வேலை முடிந்து திரும்பிய கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் நின்று பார்த்தார். காணிக்குக் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதைதான் லயத்துக்கு அவர்கள் இறங்கும் குறுக்குவழி.

"என்னா தங்கச்சி கட்டப் போறீங்க?"

நான் உற்சாகமாகச் சொன்னேன். விருந்தாளிகள் இந்த இடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு கீழே பார்ப்பார்கள் என்று கையை நீட்டிக் காட்டினேன். அக்கா என் கை போன திசையைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப நாங்க குளிக்கறதப் பாத்துக்கிட்டே டீ குடிப்பாங்களா?"

லயத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மலை ஊற்றிலிருந்து தண்ணீர் கொட்டும் பீலி இருந்தது. வேலை முடிந்து வந்த பெண்கள் நாலைந்து பேர் பாவாடையை மார்புக்கு மேலே கட்டிக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தலைக்குச் சவர்க்காரம் போடுவதுகூட அங்கிருந்து தெரிந்தது. நான் வந்த இரண்டு நாள் காலையிலும் பீலியில் ஆள் இல்லை. இருந்தாலும் அது ஒரு சாக்குத்தான். பத்தொன்பது வயது வரை நானும் இப்படி ஒரு பீலியில்தான் குளித்தேன். மேல் ரோட்டில் யாராவது ஆம்பிளை போனால் வாளிக்குப் பின்னால் குந்திக்கொள்வோம். அதை எப்படி மறந்தேன் என்று எனக்கு முகம் சுட்டது.

டொக்டரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "அதுக்கென்ன, பீலியைச் சுத்தித் தகரம் அடிச்சுக் குடுப்பம்" என்றார்.

லயத்துக்குப் போய்க் கேட்டபோது அக்காவும் மற்றப் பெண்களும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். "தகரம் அடிச்சா வெயிலு உள்ள வராதுங்க ஐயா. தண்ணி ஏற்கனவே ஐஸு மாதிரி இருக்கு. இருட்டுக்குள்ள நின்னு குளிக்க நாங்க என்னா தப்பு செஞ்சோம்?"

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். படத்தை மாற்றுகிறேன் என்றேன். எப்படி என்று அந்த நிமிடம் எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பிளாஸ்டிக் கதிரையோடு போனோம். டொக்டர்தான் விருந்தாளி. அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் பீலிக்கரையில். டொக்டர் தெரிந்தால் வாளியில் ஒரு தட்டு, தெரியாவிட்டால் இரண்டு தட்டு என்று பேசிக்கொண்டோம்.

விளிம்பில் கதிரையைப் போட்டோம். டங். இடது பக்கம் நகர்த்தினோம். டங். டொக்டர் எழுந்து கதிரையைத் தூக்கிக்கொண்டு நடக்க, நான் ஆப்போடும் சுத்தியலோடும் பின்னால் போனேன். டங். கீழேயிருந்து சிரிப்பும் சேர்ந்து ஏறி வந்தது. "ஐயாவோட தல மட்டும் தெரியுது" என்று ஒருத்தி கத்தினாள். "அதை எங்கை கழட்டி வைக்கிறது?" என்று டொக்டர் முணுமுணுத்தார்.

விளிம்பை விட்டுப் பின்னால் வரவரப் பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக நிலத்துக்குள் இறங்கியது. முதலில் பீலி போனது, பிறகு லயத்துக் கூரைகள். இருபதடி பின்னால் வந்தபோது எதிர்மலைச் சரிவும் அதற்கு மேலே நமுனுகுல மலையும் மட்டும் மிஞ்சின. இரண்டு தட்டு. எழுந்து நிற்கச் சொன்னேன். அதற்கும் இரண்டு தட்டு.

டொக்டர் திரும்பவும் கதிரையில் உட்கார்ந்தார். அவர் காணி வாங்கியதே அந்தப் பள்ளத்துக்காக. நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து நாலு மூலைக்கும் ஆப்பு அடித்துக்கொண்டிருந்தேன். அடித்து முடித்துத் திரும்பினால் மனிதர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அரை மணித்தியாலம் கழித்துத்தான் விழித்தார்.

"நல்ல இடம் பிள்ளை" என்றார். "இதிலயே போடும்."

அதற்குப் பிறகு மற்றதெல்லாம் எனக்குத் தானாக ஓடி வந்தது. லயத்தில் எல்லாக் கதவும் ஒரே வாசலைப் பார்த்திருக்கும். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் யாரோடு கோபம் என்பது மறையாது. அதனால் நாலு அறைகளையும் ஒவ்வொன்றும் கொஞ்சம் திரும்பியிருக்கிற மாதிரி வைத்தேன். ஒரு அறை வாசலில் இருப்பவருக்கு அடுத்த வாசல் தெரியாது. ஆனால் லயத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவரையும் நான் கண்டதில்லை. எல்லோருக்கும் பொதுவாக, ஒரே நீள மேசை போடும் அளவுக்குச் சாப்பாட்டு அறை வைத்தேன். ஒற்றையடிப் பாதையை மூடவில்லை. சமைக்கும் குசினிக்கும் அறைகளுக்கும் நடுவே அது போனது. போகிற பெண்கள் கூடையை இறக்கி வைக்கக் குசினிச் சுவரோடு ஒரு சிமெந்துக் கட்டும் போட்டோம்.

பால் காய்ச்சிய அன்று லயத்திலிருந்து பெண்கள் நல்ல சேலை உடுத்தி வந்தார்கள். அக்கா பொங்கல் சாப்பிடுவதற்கு முன்னால் ஒவ்வொரு அறையாக நுழைந்தார். ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார். கட்டிலில் ஏறி நின்றும் பார்த்தார்.

"தெரியலங்க" என்று வெளியே வந்து சொன்னார்.

பிறகு குளியலறைக்குள் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். சுவரிலிருந்த குழாயைத் திறந்து கையை நீட்டி, உடனே இழுத்துக்கொண்டார். "தங்கச்சி, சுடுதண்ணியா வருது."

"குளிச்சுப் பாக்கிறீங்களோ?" என்று கேட்டது டொக்டரின் மனைவி. அலுமாரியிலிருந்து விருந்தாளிகளுக்கென்று வாங்கிய புதுத் துவாயை எடுத்து அவரே நீட்டினார்.

அக்கா முதலில் போனார். அவர் வெளியே வர, அடுத்தவர் போனார். ஏழு பேர் குளித்தார்கள். தலையை உலர்த்திக்கொண்டு விறாந்தையில் வரிசையாக உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். ஏழாவது ஆளுக்குத் தண்ணீர் ஆறிப்போய்விட்டதாம். அவர் மட்டும் முறைத்துக்கொண்டிருந்தார். கடைசியாக அக்கா என்னையும் பிடித்து உள்ளே தள்ளினார். "நீ கட்டுனது, நீ குளிக்காமப் போவியா?"

பச்சைத் தண்ணீர்தான் வந்தது. வெளியே எல்லோரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. அன்று பகல் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் நடந்தது.