ஆய்வு நாள் மாத்திரை

எங்கள் அப்பாவுக்கு ஐம்பது வயது நிறையவில்லை. வாந்திபேதி இரண்டே நாளில் கொண்டுபோய்விட்டது. அண்ணனுக்கு இப்போது எழுபத்தாறு. இடையில் ரேஷன் அரிசி வந்தது, தடுப்பூசி வந்தது, கிணறுகளில் குளோரின் விழுந்தது. திருச்சுழிப் பக்கம் சுகாதார ஆய்வாளராக முப்பது வருடம் சைக்கிள் மிதித்த எனக்கும் இதில் சின்னப் பங்கு உண்டு. வாந்திபேதிக்குத் தப்பியவர்களுக்கு வயதானதும் பிரஷர் வந்தது. அதற்கும் ஒரு படிவம் வந்தது.

பரளச்சியில் இருக்கும் அண்ணனுக்கு மாதம் ஒருமுறை நர்ஸ் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பார். அட்டையில் எல்லா மாதமும் நல்ல அளவு. இத்தனை ஒழுங்கான பதிவைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஒருநாள் சொல்லாமல் போய், என் கருவியை அவர் கையில் கட்டினேன். இருநூறைத் தொட்டது.

"நர்ஸு போன் போட்டுத் தேதி சொன்னாத்தான் அவுக மாத்திரையத் தொடுவாக. அவுக வாரதுக்கு முந்தி நாலே நாளு. மத்த நாளெல்லாம் டப்பாவுல தூங்கும்" என்றார் மதினி.

"ஏலே, நல்லாத்தான இருக்கேன்? அந்த நர்ஸுப் பொண்ணு, மேலதிகாரிகிட்ட ஏச்சு வாங்கக் கூடாதுல்ல?" என்றார் அண்ணன்.

"ஏச்சு அவுகளுக்கு, பக்கவாதம் ஒங்களுக்கு. எது தேவலண்ணே?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கும் அதற்குமேல் கோபப்பட யோக்கியதை இல்லை. அதிகாரி வரும் தேதி தெரிந்ததும் தொட்டியில் குளோரினை மணக்க மணக்கக் கொட்டியவன் நான்.

நர்ஸிடம் பேசினேன். "சொல்லாமப் போனா ஆளு காட்டுல இருப்பாக, சார்" என்றார். சரி, தேதி சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அன்றிலிருந்து தினமும் காலையில் அண்ணனுக்குப் போன்: "இன்னும் நாலு நாளுல நர்ஸ் வாராக."

முதல் மாதம் நம்பினார். அடுத்த மாதம், "அந்தப் பொண்ணு என்ன, மெட்ராஸ்ல இருந்து நடந்தா வருது?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே. மாத்திரை போட்டாச்சா?"

"போட்டுத் தொலைச்சாச்சு. போன வையி."

போன வாரம் மறுபடியும் சொல்லாமல் போனேன். நூற்றி முப்பத்தெட்டு. அட்டையில் எழுத எனக்கு அதிகாரம் இல்லை. எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.