மீசை வைத்த அண்ணா

வடக்கு ஜெர்மனியில், கடலோர ஊர் ஒன்றில், ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கடலோடிகளான வைக்கிங்குகளின் அருங்காட்சியகத்தில் நான் வழிகாட்டி. பள்ளியிலிருந்து வருகிற பிள்ளைகள் பலரின் தலையில் பிளாஸ்டிக் கொம்பு இருக்கும். "முதலில் அதைக் கழற்றுங்கள்" என்றுதான் ஆரம்பிப்பேன். கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு எந்த வைக்கிங்கும் சண்டைக்குப் போனதற்குச் சான்று இல்லை. அது பிற்காலத்து நாடக மேடைக்காரர்கள் மாட்டிவிட்டது. வைக்கிங்குகளில் பெரும்பாலானோர் உழவர்கள். வாள் வாங்க வசதியில்லாமல் ஈட்டியோடும் கோடரியோடும் கப்பலேறியவர்கள். தலை வாரினார்கள், காது குடைந்தார்கள். எலும்புகளைப் பார்த்தால் பல்வலியும் மூட்டுவலியும் தெரியும். இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் தொங்கிப்போகும். எனக்கு அதில் ஒரு குரூர சந்தோஷம், மறைப்பானேன்.

அந்த வாயை வீட்டில் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை.

அண்ணாவின் முகம் எனக்கு ஞாபகமில்லை. மூன்று வயதில் என்னைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் அம்மாவும் இங்கே வந்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பெரியம்மாவோடு விடப்பட்ட அண்ணா, நாங்கள் கூப்பிடுவதற்குள் இயக்கத்துக்குப் போய்ச் செத்துப்போனார். மிச்சம், பாஸ்போர்ட் அளவில் ஒரே ஒரு படம். சட்டமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஹனோவர் நகரில் எங்கள் வீட்டின் சாமியறையில் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குச் சந்தனப் பொட்டு வைப்பார். பொட்டின்மேல் பொட்டாக வருடக்கணக்கில் அப்பிக் கிடந்தது. பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனத்தோடு முகமும் வந்துவிட்டது. ஐயோ, என் கை முறிந்து போயிருக்கக் கூடாதா!

கார்த்திகையில் இங்குள்ள தமிழர்கள் ஒரு மண்டபத்தில் இறந்த போராளிகளின் படங்களை வரிசையாக வைத்து விளக்கேற்றுவார்கள். அந்தப் படங்களைப் பெரிதாக்கித் தருகிறவரிடம் மிஞ்சிய துண்டைக் கொண்டுபோனேன். அழிந்த முகத்தைக் கணினியில் தானே உருவாக்கித் தந்தார். சீருடை, அகன்ற தோள், கையில் துவக்கு, முறுக்கிய மீசை.

"அண்ணை, அவருக்கு மீசையே இல்லை எண்டு அம்மா சொல்லுவா. மெலிஞ்ச ஆளாம். இயக்கத்திலயும் சமையலுக்குத்தான் விட்டவையாம்."

"போராளி எண்டால் ஒரு கம்பீரம் வேணும், தங்கச்சி. சனம் பாக்குமெல்லோ?"

ஊரார் பிள்ளைகளின் கொம்பைக் கழற்றுகிறவள், அந்த மீசையோடேயே அதை வாங்கிக்கொண்டு வந்தேன். இருந்த முகத்தை அழித்தவள் என்ன பேசுவது? அம்மா முதலில் "ஆர் இது?" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓம், என்ர பிள்ளைதான்" என்று பொட்டு வைத்தார்.

அது நடந்து மூன்று வருடம். அப்பாவும் பெரியம்மாவும் இப்போது இல்லை. அண்ணாவின் நிஜ முகம் இனி அம்மாவிடம் மட்டும்தான். அவர் இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும் என்று போன மாதம் கொப்பியும் பேனையுமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணா எப்பிடியம்மா இருப்பார்?"

"நல்ல உயரம். அகண்ட தோள்."

"மெலிஞ்சவர் எண்டுதானே சொல்லுவீங்கள்? சொல்லுங்கோ அம்மா, மூக்கு எப்பிடி? சிரிச்சால் எப்பிடி?"

அம்மா கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை.

"கண்ணை மூடினாலும் அந்த மீசைக்காரன்தான் வாறான், பிள்ளை. என்ர பிள்ளையைக் காணேல்லை."