சனிக்கிழமைப் பொங்கல்

குள்ளம்மாளுக்குக் கன்னடம் தெரியும் என்பது மாதவராஜுக்குத் தெரியாது. அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மாதவராஜ் ஒரு டூர் கம்பெனியின் கைடு. சனிக்கிழமை தவறாமல் பெங்களூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களை நொச்சிக்குட்டைக்குக் கூட்டி வருவான். காலையில் மாரியம்மன் கோயில், மதியம் களியும் கீரைக் கடைசலும், அப்புறம் ஊர் பார்ப்பது, வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிடுவது. வேனின் பக்கவாட்டில் ‘பாரம்பரிய கிராமத்தில் ஒரு நாள்’ என்று எழுதியிருக்கும். கடத்தூருக்கு மேற்கே ரோட்டோரம் கிடக்கிற நொச்சிக்குட்டையில் பாரம்பரியம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. பாதி வீடுகள் மொட்டைமாடி. இளவட்டம் பூராவும் விடிவதற்குள் ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடும். அதனால் மாதவராஜ் கோயிலை ஒட்டின ஓட்டு வீட்டுத் தெருவை மட்டும் காட்டுவான். வேன் வருகிற நேரத்தில் அந்தத் தெருவில் யாரும் பைக் நிறுத்தக் கூடாது, நைட்டியோடு வாசலுக்கு வரக் கூடாது.

அந்தத் தெருவில் கடைசி வீடு குள்ளம்மாளுடையது.

கல்யாணமான மறுமாசமே புருஷன் சின்னராஜோடு பெங்களூருக்குப் போனவள் அவள். பதிமூன்று வருஷம் கட்டட வேலை. அவன் சாரம் கட்டிப் பூசுவான், அவள் கலவை சுமப்பாள். மகள் கனிமொழி பிறந்ததும் நடை பழகியதும் தகரக் கொட்டகையில்தான். மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கி, மளிகைக்கடையில் பேரம் பேசி, தண்ணீர்க் குழாயில் சண்டை போட்டுக் குள்ளம்மாள் கற்றுக்கொண்ட கன்னடம் அது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கோலார்க்காரி என்பார்கள்.

ஒயிட்ஃபீல்டு பக்கம் ஓர் அடுக்குமாடியில், ஏழாவது மாடிப் பூச்சு வேலையின்போது சாரம் சரிந்து சின்னராஜ் விழுந்தான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தான். வராந்தாவில் உட்கார்ந்து, காணிக்கை முடிய மஞ்சள் துணிகூட இல்லாமல் கைக்குட்டையில் காசு முடிந்து, குள்ளம்மாள் ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். ‘ஆத்தா, உசுரை மட்டும் குடு. கையி காலு போனாலும் போவட்டும். வருஷா வருஷம் உன் வாசல்ல பொங்க வெக்கிறேன்.’ மூன்றாம் நாள் மதியம் அவன் போய்விட்டான்.

ஊருக்குத் திரும்பி ஒன்பது வருஷமாகிறது. கோயில் அவள் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. பண்டிகைக்கு ஊரே பொங்கல் வைக்கும்போது, வீட்டைப் பூட்டிக்கொண்டு அரூர்ப் பக்கம் கூலிக்குப் போய்விடுவாள். கேட்டால், “அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல” என்பாள்.

அப்படிப்பட்டவளைத் தேடித்தான் மாதவராஜ் வந்தான்.

“கஷ்டமான வேலையெல்லாம் இல்லீங்க்கா. கோயில் முன்னாடி மூணு கல்லு வெச்சுப் பொங்க வெக்கணும். வர்றவங்க போட்டோ எடுப்பாங்க. அவ்ளோதான்.”

வேறு எந்த வேலையாக இருந்தாலும் அவள் யோசித்திருக்க மாட்டாள். கலவைச் சட்டி சுமந்த இடுப்பு விட்டுப்போய், குனிந்தால் நிமிர முடியாத நிலை. கனிமொழி சேலத்தில் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்துக் குள்ளம்மாள் சரி என்றாள்.

அவன் ஒரு பையைக் கொடுத்தான். கட்டம் போட்ட நூல் புடவை, கண்ணாடி வளையல், குங்குமச் சிமிழ். அடியில் ஒரு மஞ்சள் கயிறு.

“நான் தாலி அறுத்தவ, தம்பி.”

“தெரியுங்க்கா. சும்மா பாக்கறதுக்குத்தான். வேன் போனதும் கழட்டி வெச்சிருங்க.”

கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் கயிற்றைத் தன் கழுத்தில் தானே கட்டிக்கொண்டாள். முதல் சனிக்கிழமை குனிந்த தலை நிமிராமல் அடுப்புப் பற்றவைத்தாள். கோயிலுக்குள் இருப்பவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. பொங்கல் என்னவோ நன்றாகத்தான் பொங்கியது. வந்தவர்கள் கை தட்டினார்கள்.

வாராவாரம் மாதவராஜ் கன்னடத்தில் சொல்வதையெல்லாம் அடுப்பு முன்னால் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். “இந்தம்மா இந்த ஊர் எல்லையைத் தாண்டினதே இல்லை. பட்டணம் எப்படி இருக்கும்னுகூடத் தெரியாது. ரொம்ப வெள்ளந்தி.” குள்ளம்மாளுக்குச் சிரிப்புகூட வந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்றிருந்தாள்.

ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை அவனுக்குப் பேச்சு கூடுதலாகச் சரளமாக வந்தது. “புருஷனுக்கு ஆயுசு கெட்டியா இருக்கணும்னு இந்தம்மா வேண்டிக்கிட்டுப் பொங்கல் வெக்கிறாங்க. இந்த அம்மன்கிட்ட வேண்டினது எதுவும் வீண்போனதே இல்லை” என்றான்.

கூட்டத்தில் சுசித்ரா என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும், ஆர்வமாக, “அவங்க வீட்டுக்காரர் எங்கே?” என்று கேட்டாள்.

“வயல்ல இருக்காரு” என்றான் மாதவராஜ்.

குள்ளம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நன்ன கண்ட சத்து ஒம்பத்து வர்ஷ ஆய்த்து” என்றாள். என் புருஷன் செத்து ஒன்பது வருஷம் ஆயிற்று.

கூட்டம் அப்படியே நின்றது. அவள் நிறுத்தவில்லை. எங்கே விழுந்தான், எத்தனாவது மாடி, ஆஸ்பத்திரியில் எத்தனை நாள், இந்த அம்மனிடம் என்ன கேட்டாள், என்ன கிடைத்தது, எல்லாவற்றையும் கன்னடத்திலேயே சொன்னாள். அழவில்லை. ரேஷன் கடையில் முறையிடுகிற குரலில் சொன்னாள். சுசித்ராவின் கண்ணில் நீர் முட்டியது. தானும் ஒயிட்ஃபீல்டில்தான் இருப்பதாகச் சொல்லிக் குள்ளம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் இரண்டு பேர் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். குள்ளம்மாள் கையை உருவிக்கொண்டாள். பொங்கல் அடிப்பிடித்துக்கொண்டிருந்தது.

வேன் கிளம்புமுன் மாதவராஜ் அவளைக் கோயிலுக்குப் பின்னால் கூப்பிட்டான்.

“கன்னடம் தெரியும்னு ஏங்க்கா என்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கலியே.”

“இப்படி மானத்த வாங்கிட்டீங்களே.”

வேலை போயிற்று என்றுதான் நினைத்தாள். மனசில் ஒரு பாரம் இறங்கினது போலக்கூட இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை மாதவராஜ் சிரித்த முகமாக வந்து நின்றான். கையில் ஒரு பாக்கெட் மைசூர்பாகு.

“அக்கா, அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்க. கோயில், சாப்பாடு எதப்பத்தியும் யாரும் எழுதல. எல்லாரும் உங்களப் பத்தித்தான் எழுதியிருக்காங்க. கம்பெனியில ஒரே சந்தோசம். இனிமே வாராவாரம் அதச் சொல்லிருங்க. கோயில்ல வேணாம், சாப்பிட்ட பொறவு நிதானமா உக்காந்து சொல்லலாம்.” கொஞ்சம் தயங்கி, “அழுவ வந்தா அடக்க வேணாங்க்கா” என்றான். மஞ்சள் கயிறு இனி வேண்டாம், வெறுங்கழுத்தாகவே இருக்கட்டும் என்பதையும் அவனே சொன்னான்.

குள்ளம்மாள் இரண்டு வாரம் சொன்னாள். பொய் சொல்லவில்லையே, நடந்ததைத்தானே சொல்கிறோம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். மூன்றாவது வாரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. முன்பெல்லாம் அந்த நாளை நினைத்தால் சின்னராஜின் முகம் வரும், சிமெண்ட் படிந்த அவன் புருவம் வரும். இப்போது எதுவும் வரவில்லை. அடுத்து எந்த வார்த்தை, அதற்கடுத்து எந்த வார்த்தை என்பது மட்டும் வரிசையாக வந்தது. ஏழாவது மாடி என்றதும் கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. உச்சுக்கொட்டுவதற்காகக் கொஞ்சம் நிறுத்தியும் விட்டாள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அன்றைக்கே பையை மடித்து மாதவராஜிடம் கொடுத்துவிட்டாள்.

“என்னங்க்கா, எதுனா தப்பா பேசிட்டனா?”

“ஒண்ணுமில்ல தம்பி. எனக்கு ஒத்துக்கல.”

அரூர் போகிற வழியில் ஒரு புளி மண்டியில், உட்கார்ந்து கொட்டை எடுக்கிற வேலை கிடைத்தது. இடுப்புக்குத் தேவலை. விரல் இடுக்கெல்லாம் புளி அரித்துப் புண்ணாயிற்று. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை சரக்கு வராததால் மண்டியில் மதியமே அனுப்பிவிட்டார்கள். பஸ் கோயில் முன்னால்தான் நிற்கும். இறங்கிய குள்ளம்மாள், சாப்பாட்டுப் பந்தலுக்கடியில் ஆட்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். நடுவில் அந்தக் கட்டம் போட்ட புடவையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள் எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள். நெற்றியில் பொட்டில்லை. கழுத்தில் ஒன்றுமில்லை. அவள் புருஷன் வீரமணி கல்லுக்குண்டாட்டம் இருக்கிறான், லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அன்றைக்கும் எதிரே டீக்கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோவிந்தம்மாளுக்குக் கன்னடம் வராது. மாதவராஜ்தான் சொல்லிக்கொண்டிருந்தான். ஏழாவது மாடி. மூன்று நாள் ஆஸ்பத்திரி. அம்மனுக்கு நேர்ந்துகொண்டது. நடுவில் சின்னராஜ் என்ற பெயரும் வந்தது. கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நின்று பார்த்த குள்ளம்மாளை ஒரு பெண் போட்டோ எடுக்கப் போக, மாதவராஜ் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போகும்படி அவளுக்குக் கையைக் காட்டினான். அவள் தள்ளிப் போனாள்.

வேன் போன பிறகு கோவிந்தம்மாள் தானாகவே வந்து கதவருகில் நின்றாள். தாலியை மறுபடி கழுத்தில் போட்டிருந்தாள்.

“கோவிச்சுக்காதக்கா.”

“கோவமில்ல. பேரையாச்சும் மாத்தச் சொல்லு, கோவிந்தம்மா.”

“சொன்னேன்க்கா. பேர மாத்துனா நெசமாட்டம் இருக்காதுங்கறான் அந்தத் தம்பி.” கொஞ்ச நேரம் நிலைப்படியைச் சுரண்டினாள். “எனக்கும் தாலிய கழட்டும்போது ஒரு மாதிரியாத்தான் இருக்குது. ஆனா...”

நானும் இந்த ஆனாவுக்குத்தானே அந்தக் கயிற்றைக் கட்டினேன் என்று குள்ளம்மாளுக்குத் தோன்றியது. கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

“சாப்ட்டியா? களி மிச்சம் இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“இருந்துச்சுக்கா.”

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் மண்டியில் வேலை சீக்கிரம் முடிந்தாலும் குள்ளம்மாள் கிளம்புவதில்லை. சாக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, வேன் போயிருக்கும் என்று தோன்றுகிற வரைக்கும் மற்றவர்கள் பங்குப் புளியையும் சேர்த்துக் கொட்டை எடுப்பாள்.